திரையில் சரியாக இருந்த தமிழ், அச்சில் ஏன் உடைகிறது?

அலுவலக அறிவிப்பை நான்கு மொழிகளில் தயாரிக்கிறீர்கள். திரையில் எல்லாம் ஓகே. அச்சிட்டால், தமிழ் மட்டும் பெட்டி பெட்டியா வருது! ஏன்?

எழுத்துரு அங்கே இல்லை

பல நிறுவனங்களில் கடிதங்களையும் பில்களையும் சர்வர்தான் தயாரித்து அச்சுக்கு அனுப்பும். உங்கள் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துரு சர்வரில் இல்லையென்றால் பெட்டிதான் மிஞ்சும்.

இன்றைய விண்டோஸில் எழுத்துருவை வழக்கம்போல் நிறுவினால், அது உங்கள் கணக்கில் மட்டுமே சேரும். சர்வரில் 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று நிறுவவேண்டும். அதற்கு நிர்வாகி அனுமதி தேவை.

பெட்டி இல்லை, கொம்பு இடம் மாறுதா?

இது வேறு பிரச்சினை. யூனிகோடு முறையில் 'கெ' என்ற எழுத்தில் 'க' முதலில் பதிவாகும், கொம்பு அடுத்து. கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. அது செய்யாவிட்டால் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். எத்தனை எழுத்துரு மாற்றினாலும் சரியாகாது, மென்பொருளைத்தான் புதுப்பிக்கவேண்டும்.

என்ன செய்யலாம்?

• எழுத்துருவை உள்ளேயே பதித்த பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள்.

• உரிமத்தைப் பாருங்கள். சில எழுத்துருக்களை சர்வரில் பயன்படுத்தத் தனி உரிமம் வேண்டும். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' இலவசம்.

• மென்பொருள் மாறும்போதெல்லாம் 'கெ, கொ, கௌ, ஸ்ரீ' என்று ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள்.

• தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அச்சுத்தாளைக் காட்டுங்கள். தமிழ் தெரியாதவருக்கு உடைந்த எழுத்தும் அழகாத்தான் தெரியும்!