பெயரும் பெருமையும்

மாந்தர் தம்மை இன்னாரென எண்ணுதல், தாம் வாழும் சமூகம் தமக்கு இட்டழைக்கும் பெயரைப் பற்றியே பெரிதும் அமைவதாம். இதற்கு நம் ஸ்ரீபெரும்பூதூர் வட்டாரமே சான்று. 1017-ஆம் ஆண்டில் ஈண்டுப் பிறந்தருளினாரெனப் பெறும் இராமாநுசர், மேல்கோட்டையில் ஒதுக்குண்டிருந்தோரைத் ‘திருக்குலத்தார்’ என்றழைத்துக் கோயிலுட் புகச் செய்தாரென்பது வைணவ மரபு. இழிசொல் கேட்டுக் குனிந்த தலை, நற்சொல் கேட்டு நிமிர்ந்தது.

ஏரிநீர் நம்பி உழுதுண்ட இவ்வட்டாரத்தார், தம்மை ஊராலும் குலத்தாலும் நிலத்தாலுமே அறிந்திருந்தனர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2006-இல் ஸ்ரீபெரும்பூதூரில் நோக்கியா ஆலையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலையும் உற்பத்தி தொடங்கின. சீருடை பூண்ட இளைஞரும் மகளிரும் ‘கம்பெனிக்காரர்’ என்னும் புதுப்பெயர் பெற்றனர். பல குலத்தார் ஓருணவுக்கூடத்தில் உடனமர்ந்து உண்டனர். இது சிறு மாறுதலன்று. ஆயினும், 2014-இல் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் ஊதியத்தோடு அப்பெயரையும் இழந்தனர்.

அன்பர்காள்! ஆலை தந்த பெயரை ஆலையே மீட்டுக்கொள்ளும். பிறரைத் தாழ்த்தி நிற்கும் குலப்பெயரோ பெருமையாகாதென்பது நம் துணிபு. கல்வியும் ஒழுக்கமும் ஈட்டித்தரும் பெயரை எவரும் பறித்தல் இயலாது. அதனையே நம் மக்களுக்குத் தேடித் தருவோமாக.