லோகோஸ் முதல் நிக்கேயா வரை: தொடக்கக் கிறித்தவ எழுத்துகளில் கிரேக்கத் தத்துவம்

கிறித்தவக் கோட்பாடு என்பது நற்செய்தி மண்ணில் கிரேக்க மனம் எழுப்பிய கட்டுமானம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் அடால்ஃப் வான் ஹார்னாக் வந்தடைந்த முடிவு இது. அவரை மறுப்பவர்கள்கூட அவர் போட்ட கேள்விக்குள் நின்றுதான் இன்றுவரை வாதிட்டு வருகிறார்கள். முதல் நான்கு நூற்றாண்டு நூல்களைக் கால வரிசைப்படி படித்தால் வேறொரு சித்திரம் துலங்குகிறது. கிரேக்கத் தத்துவம் தொடக்கத்தில் ஒரு விடையைத் தந்தது. பின்னர் அந்த விடையே சிக்கலாக முற்றியது. சிக்கலை அறுக்க எடுத்த கருவியும் கிரேக்கச் சொல்லாகவே இருந்தது. ‘லோகோஸ்’ என்ற ஒரே கருத்தின் வழித்தடத்தில் இதைப் பார்க்கலாம்.

ஸ்டோயிக் தத்துவவாதிகளுக்கு லோகோஸ் என்பது உலகம் முழுவதும் ஊடுருவி அதை ஒழுங்குபடுத்தும் அறிவு. பிளேட்டோவின் வழிவந்தவர்களின் கவலை வேறு. மாற்றத்துக்கும் பருப்பொருளுக்கும் அப்பாற்பட்ட பரம்பொருள் இந்த உலகத்தோடு எப்படித் தொடர்பு கொள்ளும்? அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பிலோ இவ்விரண்டையும் மோசேயின் நூல்களோடு இணைத்தார். கடவுளுக்கும் படைப்புக்கும் நடுவே லோகோஸை நிறுத்தினார். ஓரிடத்தில் அதை ‘இரண்டாம் கடவுள்’ என்றே அழைத்தார். பிலோவின் நூல்களைப் பாதுகாத்துப் படியெடுத்தவர்கள் யூதர்கள் அல்லர், கிறித்தவர்கள். அவர்களுக்கு அந்த நூல்கள் எவ்வளவு தேவைப்பட்டன என்பதற்கு இது போதிய சான்று.

லோகோஸைப் பற்றிப் பேசும் யோவான் நற்செய்தியின் முகவுரை பிலோவிடமிருந்து வந்ததா என்ற விவாதம் ஓயவில்லை. படைப்பின்போது கடவுளின் அருகில் இருந்த ஞானத்தைப் பற்றி நீதிமொழிகள் 8ஆம் அதிகாரம் பேசுகிறது. முகவுரையின் வேர் அந்த யூத ஞான மரபில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் கிரேக்கம் கற்ற வாசகரின் செவியில் லோகோஸ் என்ற சொல் தத்துவச் சொல்லாகத்தான் ஒலித்திருக்கும். அப்படிப் படித்துக்கொண்டு வந்தவர், லோகோஸ் மனித உடலெடுத்தது என்ற இடத்தில் திகைத்து நின்றிருப்பார். பிலோவும் சரி, பிளேட்டோவின் மாணவர்களும் சரி, ஒருபோதும் சொல்லத் துணியாத கூற்று அது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தத்துவத்தின் லோகோஸையும் கிறிஸ்துவையும் சேர்க்கும் இந்த இணைப்பை ஒரு கொள்கையாகவே வளர்த்தவர் யுஸ்தீன். பாலஸ்தீனத்தின் பிளாவியா நெயாப்போலி, அதாவது இன்றைய நாப்லுஸ், அவர் பிறந்த ஊர். தாம் ஞானம் தேடி அலைந்த கதையை ‘திரிபோவுடன் உரையாடல்’ என்ற நூலில் அவரே சொல்கிறார். ஸ்டோயிக் ஆசிரியர் கடவுளைப் பற்றிப் பேசவே இல்லை. அரிஸ்டாட்டில் வழிவந்தவர் சில நாள்களிலேயே கட்டணம் கேட்டுவிட்டார். பித்தாகரஸ் வழிவந்தவரோ இசையும் வானியலும் வடிவியலும் கற்றுவிட்டு வரச் சொன்னார். பிளேட்டோவின் நெறியில் மனம் நிறைந்திருந்தபோது கடலோரத்தில் சந்தித்த ஒரு முதியவர் அவரை இறைவாக்கினர் நூல்களிடம் திருப்பிவிட்டார். இந்தக் கதை அக்கால இலக்கிய மரபை ஒட்டி அமைந்திருக்கலாம். ஆனால் கிறித்தவரான பின்பும் அவர் தத்துவவாதியின் மேலங்கியைக் களையவில்லை. தாம் கண்டடைந்ததையே உண்மைத் தத்துவம் என்று கருதினார்.

மனிதர் ஒவ்வொருவரிடமும் லோகோஸின் வித்து இருக்கிறது என்பது யுஸ்தீனின் வாதம். ஸ்டோயிக்குகளுக்கு இந்த வித்து உலகப் பொருள்களை உருவாக்கும் இயற்கை ஆற்றல். யுஸ்தீனின் கையில் அது மனித அறிவின் வரலாற்றையே விளக்கும் கோட்பாடாகிவிட்டது. சாக்ரடீஸும் ஹெராக்ளிட்டஸும் லோகோஸின்படி வாழ்ந்ததால், கிறிஸ்துவுக்கு முன்பே அவர்கள் கிறித்தவர்கள் என்றார். தெய்வங்களை மறுத்தவர் என்று சாக்ரடீஸ்மேல் விழுந்த அதே பழிதான் உரோமையில் கிறித்தவர்கள்மேலும் விழுந்துகொண்டிருந்தது. ஆகவே இது உயிரைக் காக்க எழுந்த வாதமும்கூட. ஆனால் அவர் உயிரை அது காக்கவில்லை. ஏறத்தாழ 165இல் அவருக்கு மரண தண்டனை விதித்த உரோமை நகர ஆளுநர் யூனியுஸ் ருஸ்திக்குஸ் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியுசின் ஆசிரியர், ஸ்டோயிக் தத்துவவாதி. எபிக்டெட்டஸின் நூலைத் தமக்கு அறிமுகம் செய்தவர் என்று பேரரசர் நன்றியோடு குறிப்பிடுவது இவரைத்தான். தத்துவத்தைப் பாலமாக்க முயன்றவரைத் தத்துவம் பயின்றவரே கொலைக்களத்துக்கு அனுப்பினார். தொடக்கக் கிறித்தவத்தின் தத்துவ உறவை எளிய நட்பாகக் காட்டும் எந்த வரலாறும் இந்த நீதிமன்றத்தைக் கடந்துபோக முடியாது.

தத்துவத்தை எதிர்த்த கார்த்தேஜின் தெர்த்துல்லியன் ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் என்ன உறவு என்று சீறியது பலரும் அறிந்த செய்தி. ஆனால் ஆன்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, ஆன்மாவும் ஒருவகை உடலே என்ற ஸ்டோயிக் கருத்தைத்தான் அவரும் எடுத்துக்கொண்டார்.

அலெக்சாந்திரியாவில் மனநிலை வேறு. அங்கே கற்பித்த பந்தேனுஸ் ஸ்டோயிக் பயிற்சி பெற்றவர். அவர் இந்தியாவுக்குச் சென்றதாக செசரியாவின் வரலாற்றாசிரியர் எவுசேபியு எழுதுகிறார். அந்த ‘இந்தியா’ எது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. அலெக்சாந்திரியாவுக்கும் சேரநாட்டு முசிறிக்கும் இடையே வணிகம் நடந்த காலம் அது என்பதில் ஐயமில்லை. பந்தேனுஸின் மாணவர் கிளமெந்து, யூதருக்குத் திருச்சட்டம் செய்த பணியைக் கிரேக்கருக்குத் தத்துவம் செய்தது என்றார். இரண்டுமே கிறிஸ்துவிடம் கைபிடித்து அழைத்துவந்தவை என்பது அவர் முடிவு.

அடுத்து வந்த ஒரிகன் (ஏறத்தாழ 185–253) இவர்கள் எல்லாரையும்விட ஆழமானவர். கிறித்தவத்தைத் தாக்கிப் பிளேட்டோவின் சார்பில் செல்சுஸ் எழுதிய நூலைப் பகுதி பகுதியாக மேற்கோள் காட்டி மறுத்தார். செல்சுஸின் மூலநூல் அழிந்துவிட்டது. அதில் பெரும்பகுதி இன்று நமக்குக் கிடைப்பது ஒரிகனின் மறுப்பிலிருந்துதான். எதிராளியின் வாதத்தை அவர் சொற்களிலேயே எடுத்துவைக்கும் அந்த நேர்மை வணங்கத்தக்கது. லோகோஸாகிய மகன் தந்தையிடமிருந்து காலத்துக்கு அப்பால் என்றென்றும் பிறக்கிறார் என்பது ஒரிகனின் போதனை. ஆயினும் செல்சுஸுக்கு எழுதிய மறுப்பில் மகனை ‘இரண்டாம் கடவுள்’ என்கிறார். பிலோவின் சொல் இரண்டு நூற்றாண்டு கழித்து இங்கே திரும்ப வருகிறது. யுஸ்தீனும் ‘வேறொரு கடவுள்’ என்று எழுதியிருந்தார்.

சிக்கல் முளைத்தது இங்கேதான். பரம்பொருள் உலகைத் தீண்டாது என்பதால் நடுவே ஓர் இடைநிலை தேவைப்பட்டது. இடையில் நிற்பவர் கடவுளின் பக்கமா, படைப்பின் பக்கமா? ஏறத்தாழ 318இல் அலெக்சாந்திரியக் குரு ஆரியு ஒளிவுமறைவின்றி விடை சொன்னார்: தோற்றமற்றவர் தந்தை ஒருவரே, மகன் தோற்றம் உடையவர், படைப்புகளில் முதன்மையானவர். அவரை எளிதில் தள்ளிவிட முடியாது. இடைநிலைக் கோட்பாடு போகக்கூடிய இடம் அதுதான். அவர் தயங்காமல் அதுவரை போனார்.

325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் முதலில் மறைநூல் சொற்களைக் கொண்டே ஆரியுவை மறுக்க முயன்றார்கள். பின்னாளில் அத்தனாசியு எழுதிய விவரிப்பு அந்தக் கூட்டத்தை அருகிலிருந்து காட்டுகிறது. ஒவ்வொரு சொல்லாக முன்வைக்கப்பட, எதிரணியினர் ஒருவருக்கொருவர் கிசுகிசுத்துக் கண்ணால் சாடை காட்டி, அந்தச் சொல்லைத் தங்களுக்கும் பொருந்துமாறு விளக்கிக்கொண்டார்கள். கடைசியில் மறைநூலில் எங்குமே இல்லாத ‘ஹோமோஊசியோஸ்’ என்ற சொல்லை ஆயர்கள் எடுத்தார்கள். தந்தையோடு ஒரே பொருளானவர் என்பது அதன் பொருள். திருச்சபை ஒதுக்கிய ஞானக் கொள்கையர் (க்னாஸ்டிக்குகள்) ஏற்கெனவே கையாண்ட சொல் அது. 268இல் அந்தியோக்கியில் கூடிய ஆயர்கள் விலக்கிவைத்த சொல்லும்கூட. இவ்வளவு கறை இருந்தும் அதை எடுத்ததற்கு ஒரே காரணம், ஆரியு தரப்பினரால் அதை விழுங்க முடியவில்லை.

ஹார்னாக்கின் முடிவு தடுமாறுவது இந்த இடத்தில்தான். நிக்கேயாவில் கிரேக்கச் சொல் வெற்றி பெற்றது. கிரேக்கக் கருத்து தோற்றது. பரம்பொருளுக்கும் உலகுக்கும் நடுவே இடைநிலைத் தெய்வம் வேண்டும் என்ற பிளேட்டோனிய எண்ணத்தை, ஒரு கிரேக்கச் சொல்லாலேயே ஆயர்கள் வெட்டினார்கள். செசரியாவின் எவுசேபியு சங்கத்தில் முன்வைத்த தம் சபையின் நம்பிக்கை அறிக்கையில் கிறிஸ்து ‘கடவுளின் லோகோஸ்’ என்று அறிக்கையிடப்படுகிறார். சங்கம் ஏற்றுக் கையொப்பமிட்ட அறிக்கையில் அந்தச் சொல் இல்லை. அதன் இடத்தில் ‘கடவுளின் மகன்’ என்றே இருக்கிறது.