ஷாட்கன் குழல்... 26, 28, 30 இன்ச், எது எதுக்கு?

'குழல் நீளமா இருந்தா ரவை ரொம்ப தூரம் போகும்' - அமெரிக்காவில் முதல்முறை ஷாட்கன் வாங்குறவங்க பலரும் இப்படித்தான் நம்புறாங்க. உண்மையில், 26 இன்ச்சுக்கும் 30 இன்ச்சுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ரவை எவ்வளவு விரிந்து பரவும் என்பதைத் தீர்மானிப்பதும், குழல் முனையில் இருக்கும் 'சோக்'தான்.

அப்போ நீளம் எதுக்கு? பேலன்ஸுக்கு!

* 26 இன்ச்: புதர்க்காட்டில் சட்டென எழும்பும் காடைக்கு. வேகமா திருப்பலாம்.
* 28 இன்ச்: வாத்து வேட்டை, களிமண் தட்டு ரெண்டுக்கும் ஓகே.
* 30 - 32 இன்ச்: ட்ராப் போட்டிக்கு. முன்பக்கம் கனமா இருப்பதால் குறி சீராக நகரும்.

பம்ப் துப்பாக்கியில் குழலுக்குப் பின்னால் இருக்கும் ரிசீவரும் நீளம். அதனால், 28 இன்ச் பம்ப், 30 இன்ச் இரட்டைக்குழலைவிடவும் நீளமா இருக்கலாம். குழல் அளவை மட்டும் பார்க்காம, தோளில் வைத்துப் பார்த்து முடிவெடுங்க.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே ஆசை இருந்தா, ரைஃபிள் கிளப்தான் வழி!