கைக்குக் கூடுதல்: கரமனையிலிருந்து சிகாகோ வரை

திருவனந்தபுரத்துக் கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவன் (1839–1900) தமிழில் எண்ணற்ற பக்திப் பாடல்களை இயற்றியவர். சிறுவயதில் அந்நகருக்கு வந்துசேர்ந்த பாபநாசம் சிவனை இசையின்பால் ஈர்த்தவற்றுள் கரமனையின் பஜனை மரபுக்குப் பெரும்பங்கு உண்டு. பஜனையின் அமைப்பு எளியது. முன்னவர் நாமாவளியின் ஓர் அடியைப் பாடுவார். கூட்டம் அதை அப்படியே திருப்பிப் பாடும். பின்னவருக்கு வேறு வேலை இல்லை; இருக்கவும் கூடாது. ராகம் அறியாதவரும் குரல் பழகாதவரும் கூட்டத்தில் கலந்துகொள்ள முடிவது இதனால்தான்.

இன்றைய அலுவலகங்களில், டெக்னோபார்க் போன்ற வளாகங்கள் உருவாக்கிய பணிச்சூழலில், வேறொரு கூட்டுப் பயிற்சி பரவலாகி வருகிறது. ஊழியர்களை வட்டமாக நிறுத்தி, எழுதிவைத்த வசனம் இன்றி ஒரு காட்சியை நடிக்கச் சொல்கிறார்கள். ‘இம்ப்ரோவ்’ எனப்படும் இதன் தலையாய விதி, எதிரிலிருப்பவர் சொன்னதை மறுக்காமல் ஏற்று, அதன்மேல் தன் பங்காக ஒன்றைச் சேர்ப்பது. “சரி, அதோடு…” என்று தமிழில் சொல்லலாம். குழுவாகப் பணியாற்றும் திறனும் தொடர்பாடலும் இதனால் வளரும் என்பது பயிற்சியாளர்களின் நம்பிக்கை. நம்பிக்கையில் பிழையில்லை. ஆனால் மேலாளர் வட்டத்தில் நிற்கும்போது ‘சரி’ மட்டும் ஓங்கி ஒலிக்கிறது. ‘அதோடு’ தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அவர் முதலடி எடுக்கிறார், மற்றவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். பெயர் இம்ப்ரோவ், நடப்பது பஜனை.

இப்பயிற்சியின் வரலாறு வணிகத்தில் தொடங்கவில்லை. சிகாகோவின் ஹல் ஹவுஸ், குடியேறிய ஏழை மக்களுக்கான சமூகப் பணி நிலையம். அங்கே நெவா பாய்ட் விளையாட்டைச் சமூகக் கல்வியாகக் கருதிப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1920களின் நடுவில் அவரிடம் பயின்ற வயோலா ஸ்போலின், பொருளாதாரப் பெருமந்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் அரசின் வேலைத் திட்டமொன்றில் நாடகப் பொறுப்பேற்றார். அவர்முன் இருந்த சிறுவர்கள் பல நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்; மொழியும் பழக்கவழக்கமும் வெவ்வேறு. விளக்கவுரை அங்கே எடுபடாது. எனவே விதிகள் உடைய விளையாட்டுகளை உருவாக்கினார்: ஒருவர் கண்ணாடிபோல் மற்றவரின் அசைவைப் பின்பற்றுவது, இல்லாத பந்தை இருப்பதாகக் கொண்டு எறிந்து பிடிப்பது. அவருடைய நூல் 1963இல் வெளிவந்தது. அதற்குமுன்பே, 1959இல், அவர் மகன் பால் சில்ஸும் நண்பர்களும் தொடங்கிய ‘செகண்ட் சிட்டி’ இவ்விளையாட்டுகளை நகைச்சுவை மேடைக்குக் கொண்டுசென்றிருந்தது. பிற்காலத்தில் அங்கிருந்தே நிறுவனப் பயிற்சிக்கும் வழி பிறந்தது. பொதுமொழி இல்லாதவர்களை ஒருவரையொருவர் உற்றுக் கவனிக்கச் செய்வதே தொடக்க நோக்கம் என்பது இந்தப் பயணத்தில் மெல்லத் தேய்ந்தது.

அந்த நோக்கம் தேயாத ஒரு மரபு கரமனைக்கு அருகிலேயே இருக்கிறது. பொறியாளரான டி. அப்புக்குட்டன் நாயர் முன்னின்று 1970இல் நிறுவிய ‘மார்கி’ திருவனந்தபுரத்தில் கதகளியையும் கூடியாட்டத்தையும் பயிற்றுவிக்கிறது. கதகளியில் ‘இளகியாட்டம்’ என்றொரு பகுதி உண்டு. பாட்டு நின்றுவிடும். நடிகர் முத்திரைகளாலும் முகபாவத்தாலும் தம் மனோதர்மப்படி ஒரு காட்டை வருணிப்பார், அல்லது மலையைத் தூக்கி எறிவார். எவ்வளவு நேரம், எந்த உவமை, எங்கே திருப்பம் என்பது பெரும்பாலும் அவர் கையில். செண்டையும் மத்தளமும் வாசிப்பவர்கள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கை விரிந்தால் ஒலி விரியும். சட்டென்று நின்றால் நிற்கும். இதற்குக் ‘கைக்குக் கூடுதல்’ என்று மலையாள வழக்கில் பெயர். செண்டைக்காரர் நடிகரின் அசைவைத் திருப்பிச் செய்வதில்லை. அதற்குத் தம் ஒலியைச் சேர்க்கிறார். அந்த ஒலியின் வலுவில் நடிகரின் அடுத்த அசைவு பிறக்கிறது. மேலும், பதம் பாடப்படும்போது சேங்கிலையை ஏந்திய முதற்பாடகர் (பொன்னானி) அரங்கை நடத்துகிறார். இளகியாட்டத்தில் நடிகர் நடத்துகிறார். ஒரே இரவில் தலைமை பலமுறை கைமாறுகிறது. அதனால் எவருக்கும் மதிப்புக் குறைவதில்லை.

தலைமை கைமாறுவதை மேற்கில் நுட்பமாக ஆராய்ந்தவர் கீத் ஜான்ஸ்டன். லண்டன் ராயல் கோர்ட் அரங்கிலும் பின்னர் கனடாவின் கால்கரியிலும் பணியாற்றியவர்; அவருடைய நூல் 1979இல் வந்தது. பேச்சின் ஒவ்வொரு சொல்லும் பேசுபவரை உயர்த்துகிறது அல்லது தாழ்த்துகிறது என்பது அவர் கண்டது. எசமானும் வேலைக்காரனும் இடம்மாறும் விளையாட்டுகளை அதனால் வகுத்தார். அலுவலகப் பயிற்சிகள் ஸ்போலினின் பந்தை விரும்பி எடுத்துக்கொள்ளும் அளவுக்கு ஜான்ஸ்டனின் இந்தப் பகுதியைத் தொடுவதில்லை. காரணம் ஊகிக்கக் கடினமானதன்று.

கரமனை போன்ற இருமொழிச் சூழலில் அந்த விளையாட்டு முதல் சொல்லிலேயே இடறும். அக்கிரகாரத்து வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். தமிழில் ‘நீங்கள்’ மரியாதை. மலையாளத்தில் அதே சொல்லை உயரதிகாரியிடம் ஆண்டால் துடுக்காகத் தொனிக்கும். எனவே அங்கே முன்னிலைப் பெயரையே தவிர்த்து ‘சார்’ என்பதால் இடத்தை நிரப்புகிறார்கள். பெண் ஆசிரியரும் பலவிடங்களில் ‘சார்’தான். ஆங்கிலத்தின் ஒற்றை ‘யூ’வை நம்பி எழுதப்பட்ட பயிற்சிக் கையேடு இந்தச் சிக்கலை முன்னறிய வழியில்லை. பயிற்சியை ஆங்கிலத்திலேயே நடத்திவிட்டால் சிக்கல் தீர்ந்தது எனச் சிலர் கருதக்கூடும். அப்போதும் வாக்கியந்தோறும் ‘சார்’ வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் பயிற்சியில் மேலாளர் வேலைக்காரனாகவும் புதிதாகச் சேர்ந்தவர் எசமானாகவும் நடிக்க வேண்டியிருந்தால், எசமான் தம் வேலைக்காரனை எப்படி விளிப்பது? ‘நீ’ என்று சொல்ல நாக்கு எழாது. ‘சார், கொஞ்சம் தண்ணீர் கொண்டு வாருங்கள்’ என்றால் வட்டம் முழுவதும் சிரிக்கும், மேலாளரும் சிரிப்பார். செண்டை கற்கும் மாணவருக்கு நடிகரின் கையைப் படிக்கப் பல ஆண்டுகள் தரப்படுகின்றன. இங்கே பயிற்சி மாலைக்குள் முடிந்துவிடும். மறுநாள் காலை அதே மேசைகள், அதே ‘சார்’.