திருமலைப் படிமங்களில் சின்னாதேவி: கல்வெட்டும் பயணக் குறிப்பும்

முன்னுரை

விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரின் (1509–1529) தேவியருள் சின்னாதேவி, போர்ச்சுகீசியர் குறிப்புகளால் 'அரசனின் காதற்கணிகை' எனப் பெயர்பெற்றவர். அவருடைய உருவமோ திருமலைக் கோயிலில் பட்டத்தரசிக்குரிய மதிப்புடன் நிற்கிறது. இவ்விருவகைச் சான்றுகளையும் ஒப்பிட்டு அவரது நிலையைத் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படிம அமைப்பு

திருமலைக் கோயிலின் பெருவாயிலைக் கடந்ததும் கிருஷ்ணராயர் மண்டபத்தில் மூன்று செப்புப் படிமங்கள் உள்ளன. நடுவில் உயர்ந்த குல்லாயுடன் அரசரும், இருபுறமும் திருமலைதேவி, சின்னாதேவி ஆகியோரும் கைகூப்பி நிற்கின்றனர். உருவங்களில் அவரவர் பெயர் பொறிக்கப்பட்டிருத்தலால் அடையாளம் குறித்த ஐயத்திற்கு இடமில்லை. தேவியர் இருவரும் ஒரே நிலையில் அமைக்கப்பட்டுள்ளனர். ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தும் குறி எதுவும் காணப்படவில்லை.

பயணக் குறிப்புகள்

1520ஆம் ஆண்டளவில் விசயநகரம் வந்த தொமிங்கோ பாயசு, அரசருக்குத் தலைமைத் தேவியர் மூவர் என்கிறார். ஒருவர் ஒரிய மன்னர் மகள். ஒருவர் சீரங்கப்பட்டண மன்னர் மகள். மற்றவர் அரசர் இளமையில் விரும்பிய கணிகை. தாம் அரசரானால் மணப்பதாக அளித்த வாக்கை அவர் நிறைவேற்றினார் என்பது பாயசின் கூற்று. அரசர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின் எழுதிய பெர்னாவோ நூனிசு, சின்னாதேவி என்னும் பெயரைத் தருகிறார். அரசர் இரவில் மறைவாக அவரது இல்லம் சென்றதையும், அமைச்சர் சாளுவ திம்மரசர் அதனைக் கண்டறிந்து இடித்துரைத்ததையும் விரித்துரைப்பவர் இவரே. இக்குறிப்புகள் 1900இல் இராபர்ட் சிவெல் நூலின் வழி ஆங்கிலத்தில் பரவின. பின்வந்தோர் நூனிசின் இரவுக் கதையையே பெரிதும் எடுத்தாண்டனர். மூன்று தேவியர்க்கும் பணிமகளிரும் செல்வமும் ஒரே அளவில் அளிக்கப்பட்டன, அவர்களிடையே பூசல் இல்லை என்னும் பாயசின் செய்தி அத்துணைக் கவனம் பெறவில்லை.

கல்வெட்டுச் சான்று

கிருஷ்ணதேவராயர் முதன்முறையாகத் திருமலைக்கு வந்தது 1513 பிப்ரவரி 10ஆம் நாள். அன்று அரசர் நவமணி முடியும் பிறவும் அளிக்க, தேவியர் இருவரும் இறைவனுக்குப் பாலமுது படைக்க ஆளுக்கொரு பொற்கிண்ணம் வழங்கினர். உதயகிரி வெற்றிக்குப் பின் 1514 ஜூலை 6ஆம் நாள் அரசர் 30,000 பொன்னால் கனகாபிடேகம் செய்தபோதும் இருவரும் தத்தம் பெயரால் கொடையளித்தனர்.

இக்காலக்குறிப்பு மற்றொரு சிக்கலையும் தீர்க்கிறது. சின்னாதேவியை ஒரிய கசபதி மன்னர் மகளாகக் கருதுவாரும் உளர். கசபதியுடனான போர் 1513 தொடக்கத்தில் முற்றுப்பெறவில்லை. மணவுறவு போரின் முடிவில் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாகும். எனவே அதற்கு முன்பே தேவியாகக் கொடையளித்த சின்னாதேவி அவ்விளவரசியாதல் இயலாது. பாயசு சுட்டும் மூன்றாம் தேவியே இவர் எனக் கொள்வது பொருந்தும்.

கல்வெட்டுகள் இவரது பிறப்பைப் பற்றிப் பேசவில்லை. அம்மௌனத்தை மறுப்பாகக் கொள்ளுதல் கூடாது. கொடைக் கல்வெட்டுக்கு வேண்டுவன கொடையாளர் பெயரும் கொடையும் நாளுமே. திருமலைதேவியின் கொடையைக் கூறுமிடத்தும் இதே முறையே பின்பற்றப்படுகிறது.

முடிவுரை

கணிகை என்னும் செய்தியும் தேவி என்னும் நிலையும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. முன்னது வாழ்வின் தொடக்கத்தையும், பின்னது அவர் அடைந்த தகுதியையும் சுட்டுகின்றன. பாயசும் இம்மணத்தைப் பழித்துரைக்கவில்லை. பழி பிற்கால வாசிப்பில் சேர்ந்ததாகும். வரலாற்றில் அவருக்குரிய இடத்தை வரையறுக்க, அவர் மறைவிற்குப் பின்னும் திருமலையில் நிலைத்து நிற்கும் பெயர்பொறித்த படிமமும் அவர்தம் பெயராலமைந்த கொடைகளுமே முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கவை.