ஜூலை 16

ஜூலை 16 கிரிகோரியன் ஆண்டின் 197ஆவது நாளாகும். நெட்டாண்டுகளில் இது 198ஆவது நாள். ஆண்டு முடிவிற்கு மேலும் 168 நாட்கள் உள்ளன.

நிகழ்வுகள்

622 - இசுலாமிய நாட்காட்டியின் முதல் நாள், பொது வழக்கின்படி. (இது யூலியன் நாட்காட்டித் தேதியாகும்.)

1790 - ஐக்கிய அமெரிக்காவின் தலைநகரைப் பொட்டோமாக் ஆற்றங்கரையில் அமைப்பதற்கான சட்டம் கையெழுத்தானது.

1945 - உலகின் முதலாவது அணுகுண்டுச் சோதனை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் அதிகாலை 5:29 மணிக்கு நடத்தப்பட்டது. "டிரினிட்டி" எனப் பெயரிடப்பட்ட இச்சோதனையில் சுமார் 30 மீட்டர் உயரக் கோபுரத்தின் மீது புளுட்டோனியம் குண்டு வெடிக்கப்பட்டது. வெப்பத்தில் மணல் உருகிப் பச்சை நிறக் கண்ணாடியானது. இதே வகைக் குண்டே ஆகஸ்ட் 9இல் நாகசாகி மீது வீசப்பட்டது. ஹிரோஷிமாவில் வீசப்பட்டது யுரேனியம் குண்டு. அது முன்கூட்டிச் சோதிக்கப்படவில்லை. அதன் பாகங்களை ஏற்றிய கப்பல், டிரினிட்டி வெடித்த சில மணி நேரத்தில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டது. சோதனைக் களத்தைச் சுற்றி வாழ்ந்த மக்களுக்கு எவ்வித எச்சரிக்கையும் தரப்படவில்லை. 1990ஆம் ஆண்டின் கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டத்திலும் அவர்கள் சேர்க்கப்படவில்லை, 2025இல்தான் சேர்க்கப்பட்டனர்.

1969 - நிலவில் முதலில் மனிதரை இறக்கிய அப்பல்லோ 11 விண்கலம் புளோரிடாவிலிருந்து ஏவப்பட்டது.

1979 - சதாம் உசேன் ஈராக்கின் அதிபரானார்.

1994 - ஷூமேக்கர்-லெவி 9 வால்வெள்ளியின் துண்டுகள் வியாழன் கோளில் மோதத் தொடங்கின. ஜூலை 22 வரை மோதல்கள் நீடித்தன.

2004 - கும்பகோணத்தில் பள்ளியொன்றில் ஏற்பட்ட தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். இந்நாளின் நிகழ்வுகளுள் தமிழ்நாட்டில் மிகுதியாக நினைவுகூரப்படுவது இதுவே. மதிய உணவு சமைத்த கூரைக் கொட்டகையில் பற்றிய தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. எரியும் கூரை குழந்தைகள் மீது சரிந்தது; வெளியேறும் வழியோ குறுகலானது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கி வந்தமை பின்னரே பெரிதாகப் பேசப்பட்டது. விசாரணைக்கு நீதிபதி சம்பத் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தமிழகமெங்கும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பத்தாண்டுகளுக்குப் பின், 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை விதித்து, 11 பேரை விடுதலை செய்தது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனை பெற்றோருள் பெரும்பாலானோரை விடுவித்ததுடன் பள்ளி நிறுவனரின் ஆயுள் தண்டனையையும் குறைத்தது. இவ்விபத்தையொட்டித் தொடுக்கப்பட்ட மற்றொரு வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் கற்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என 2009இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆண்டுதோறும் இந்நாளில் பெற்றோர் பள்ளியின் முன் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர்.

பிறப்புகள்

1872 - ருவால் அமுன்சென், தென் முனையை முதலில் அடைந்த நோர்வே நாட்டவர் (இ. 1928)

1909 - அருணா ஆசஃப் அலி, இந்திய விடுதலைப் போராட்ட வீரர் (இ. 1996)

1968 - தன்ராஜ் பிள்ளை, இந்திய ஹாக்கி வீரர். பூனா அருகே தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்

இறப்புகள்

1985 - ஐன்ரிக் போல், நோபல் பரிசு பெற்ற செருமானிய எழுத்தாளர் (பி. 1917)

2009 - டி. கே. பட்டம்மாள், கருநாடக இசைப் பாடகி (பி. 1919). பெண்கள் மேடையில் இராகம் தானம் பல்லவி பாடுவது வழக்கத்தில் இல்லாத காலத்தில் அதனைப் பாடிப் புகழ் பெற்றவர்.