மீன் வைச்சிருக்கிற கணக்கு

ஆற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், அந்த நேரத்தில் ஓடின தண்ணீரின் கதை மட்டும்தான் வரும். நேற்று இரவு ஆலை திறந்துவிட்ட கழிவு இதுக்குள்ள கடலுக்குப் போயிருக்கும். மீனோ அந்தத் தண்ணீருக்குள்ளேயே தின்று, முட்டையிட்டு, வருசக்கணக்கில் வாழுது.

1972இல் வந்த அமெரிக்க நீர்ச் சட்டம், தண்ணீரின் இரசாயன, பௌதிக, உயிரியல் முழுமையைக் காக்கவேணும் எண்டது. கடைசியில் சொன்னதை எதால அளக்கிறது? 1981இல் ஜேம்ஸ் கார் ஒரு வழி சொன்னார். எத்தனை இனம் இருக்குது, எது எதைத் தின்னுது, எத்தனை நோயோடு திரியுது எண்டு 12 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 5, 3 அல்லது 1 புள்ளி. கூட்டினால் 60 மிக நல்ல ஆறு. 12 மிக மோசம்.

மத்திய இந்தியாவில் கான் ஆறு, இந்தூர் நகரத்தின் கழிவைச் சுமந்துபோய் சிப்ராவில் சேருது. இந்த இரண்டு ஆறுகளிலும் காரின் முறையைப் பயன்படுத்திய ஆய்வு 1998இல் வெளிவந்தது. காரின் கேள்விகளில் இருந்த அமெரிக்க மீன்கள் அங்கே இல்லை. உள்ளூர் மீன்களுக்கு ஏற்ற மாதிரி அவற்றை மாற்றவேண்டி வந்தது.

வெப்பமண்டலத்தில் இன்னொரு சிக்கலும் இருக்குது. விரால், பனையேறி, சுங்கான் எல்லாம் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். ஒட்சிசன் குறைஞ்ச ஊத்தைத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆகவே மீன் இருக்குது எண்டதால மட்டும் ஆறு சுகமாக இருக்குது எண்டு சொல்லேலாது. எந்த மீன் இல்லாமல் போனது எண்டு தெரியவேணும். அதுக்குப் பழைய பட்டியல் வேணும்.

சிப்ராவின் தண்ணீர் கடைசியில் கங்கைக்குத்தான் போகுது. கங்கை மீன்களைப் பற்றி 1822இல் புத்தகம் எழுதினவர், கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவர் பிரான்சிஸ் ஹமில்டன். ரோகிதா, கட்லா, கல்பாசு எண்டு அவர் வைத்த விஞ்ஞானப் பெயர்கள் அந்த மண்ணில் ஏற்கனவே வழங்கின பெயர்கள்தான். அட்டையில் இருக்கிறது அவருடைய பெயர் மட்டும்.

எங்கட குளங்களிலும் 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்த திலாப்பியா வலை நிறைய வருது. அதைப் பார்த்துக் குளம் நல்லாயிருக்குது எண்டு முடிவுகட்டினால், முந்தி இருந்த மீன்களின் கதை கணக்கிலேயே வராது. அந்தக் கதை இப்பவும் குளத்தில் வலை போடுற வயது போன ஆக்களிட்ட இருக்குது. அவையளின் பெயரையும் போட்டு அதை எழுதிவைக்கிறது, வரலாறு படிக்கிற நாங்கள் செய்யக்கூடிய வேலை.